தார் ரோட்டில் பட்டன் டயர்

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்தது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: என் வண்டிக்குப் பட்டன் டயர் தேவையே இல்லை.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலிருந்து நான் நூலகராக இருக்கும் கல்லூரி பதினோரு கிலோமீட்டர். போக, வர முழுக்கத் தார். மேடு என்று பார்த்தால் மூன்று வேகத்தடைகள். பள்ளம் என்று பார்த்தால் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய ஒரு கோடு. தார் முடிகிற ஒரே இடம் என் வீட்டு வாசல். அங்கேயும் சிமென்ட் பூசியிருந்தது.

இந்தப் பாதைக்குத்தான் நான் சேற்றையும் பாறையையும் கடித்துக்கொண்டு ஏறும் டயரை வாங்கினேன். கட்டை கட்டையாய்ப் புடைத்து நிற்கும் ரப்பர். ஆகவே பட்டன் டயர். குற்றம் பாதி நூலகத்தினுடையது. அங்கே பயண நூல்களுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. பாலைவனத்தைக் கடந்தவர்கள், பனியில் விரல் இழந்தவர்கள், காட்டில் காணாமல் போனவர்கள். மாணவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதால் முழுவதையும் நானே படித்து முடித்தேன். நாற்பத்தெட்டு வயதில், மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டே, முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம் என்கிற ஒரு பழைய பிக்கப்பை வாங்கினேன். என் பிக்கப் சுமந்த முதல் சரக்கு, ரிப்பேருக்குப் போன என் மனைவியின் கிரைண்டர்.

டயர் மாற்றப் போனபோதுதான் அவரைத் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு இங்கே பெயர் வைக்கப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதில்லை. சேலம் ரோட்டில் நான்கைந்து டயர்க் கடைகள் இருந்தாலும் டயர்க்கடைக்காரர் என்றால் அவர்தான். ஒல்லி உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை, உடம்பில் எப்போதும் வெள்ளைச் சட்டை. டயர்க் கடையில் ஒருவர் முப்பது வருடம் வெள்ளைச் சட்டையைக் கறைபடாமல் காப்பாற்றியிருக்கிறார் என்றால் வேலையெல்லாம் அடுத்தவர்கள் செய்தார்கள் என்று அர்த்தம். அவர் தொட்ட ஒரே கருவி ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

வண்டி வந்து நின்றதும் வந்தவன் முகத்தைப் பார்க்க மாட்டார். இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்துவார். டயரின் கோடுகளுக்குள் சிக்கியிருக்கும் கற்களை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொள்வார். புரட்டுவார். சிலதை முகர்ந்துகூடப் பார்ப்பார். அப்புறம்தான் கேட்பார்: "எங்க ஓடுது வண்டி?"

வந்தவன் ஏதாவது சொல்வான். உடனே அவர் வண்டி உண்மையில் எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்வார். கருங்கல் ஜல்லி என்றால் இந்த ரோடு, சரளை என்றால் அந்த ஏரிக்கரை, உமி ஒட்டியிருந்தால் இந்த ரைஸ்மில் வாசல். தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பொய்யைக் கண்டுபிடிப்பது மட்டும் அவருக்குப் போதாது. அது சொன்னவன் வாயாலேயே வெளியே வரவேண்டும்.

"உன் வாயால சொல்லு" என்பார்.

சொல்லும்வரை ஜாக்கி ஏறாது. பக்கத்தில் டீக்கடை, டீக்கடைக்கு முன்னால் பெஞ்சு, பெஞ்சில் எந்நேரமும் ஐந்தாறு பேர். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் அவர் அங்கே கடையே வைத்திருப்பார் என்பது என் சந்தேகம்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு பையன், வருங்கால மாமனாரையும் காரில் கூட்டிக்கொண்டு டயர் மாற்ற வந்தான். பத்து ஏக்கர் கரும்புக் கொல்லையையும் தானே முன்னால் நின்று பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று சொல்லித்தான் அந்தச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். கடைக்காரர் குந்தினார். நெம்பினார். உள்ளங்கையை மாமனார் பக்கமாக நீட்டினார்.

"கொல்லி மண்ணு ஒரு பொட்டு இருக்குதா பாருங்க. சோடா மூடி ரெண்டு இருக்கு. ஒடஞ்ச பாட்டில் சில்லு இருக்கு. தம்பி எந்தக் கொல்லிக்கு போய் வருது?"

பையன் சிரித்துச் சமாளித்தான். "அண்ணே, டயர மாத்துங்க, நேரமாவுது."

"நேரம் கெடக்கு. நான் கொல்லிக்கு போறதில்லன்னு உன் வாயால சொல்லு."

பத்து நிமிடம் ஆயிற்று. பெஞ்சில் டீ ஆறியது. கடைசியில் பையன் சொன்னான். கல்யாணம் நடக்காமல் போகவில்லை, மாமனார் பெருந்தன்மையானவர். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே போடுவதாக இருந்த 'விவசாயி' மட்டும் காணாமல் போனது.

வீட்டிலும் அவர் இப்படித்தான் என்றார்கள். மகள் பிளஸ் டூவில் இரண்டு பாடத்தில் தவறியபோது, வந்திருந்த உறவுக்காரர்களை உட்காரவைத்துவிட்டு அவளைக் கூடத்துக்கு அழைத்திருக்கிறார். தாளைக் கையில் கொடுத்து, "உன் வாயால சொல்லு" என்றிருக்கிறார். அவள் நின்று, ஒவ்வொரு மார்க்காகப் படித்தாளாம். அதற்குப் பிறகு அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. கல்யாணமாகிச் சேலம் போனபின் தேவையும் குறைந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியாத ஓர் ஆடி மாதத்துக் காலையில் நான் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா வாத்தியாரே, எங்க ஓடுது?" கல்லூரி வாசலைத் தாண்டிப் போகிற எவனும் அவருக்கு வாத்தியார்தான்.

"காலேஜுக்கு அண்ணே."

"அப்பால?"

"மலைக்கு. கல்வராயன்ல உள்ளடங்குன மண் ரோடெல்லாம் இருக்கே, அங்க."

"போயிருக்கியா, போவியா?"

"போவேன்."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவர் நெம்பினார். ஏழெட்டு ஜல்லி, ஒரு புளியங்கொட்டை, ஒரு குண்டூசி. குண்டூசியை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"மலைல குண்டூசி வெளையுதா வாத்தியாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அந்த வாசகம் வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது, காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் எழுந்து, "பட்டன் போடு" என்று வேலையாளிடம் சொல்லிவிட்டு வெற்றிலை துப்பப் போய்விட்டார். என் மன உறுதியைக் கண்டு மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

தாரில் அந்த டயர் பேசியது. முப்பதில் முனகியது, ஐம்பதில் ஓலமிட்டது, அறுபதில் ரேடியோவும் மனைவியும் ஒரே சமயத்தில் கேட்காமல் போனார்கள். டீசல் அதிகம் குடித்தது. ஸ்டீயரிங் கல்போல் ஆயிற்று. மழையில் நனைந்த தாரில் பிரேக்கை மிதித்தால் வண்டி ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் நின்றது. நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் குக்கரை இறக்கிவிடுவார்கள்.

"ஏங்க, இதுக்கு ஒரு டிராக்டரே வாங்கியிருக்கலாம். உழவுக்காவது வாடகைக்கு வுடலாம்" என்றாள் மனைவி.

கடைக்காரர் ஏன் என்னை மடக்கவில்லை என்பது இரண்டு மாதம் கழித்துப் புரிந்தது. சமவெளியில் என்னைப் போல் பலர் இருந்தார்கள். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பல் டாக்டர், கட்சியில் புதிதாகப் பதவி வாங்கியவர். எல்லோரும் தார் ரோட்டில் ஓட்டப் பட்டன் டயர் கேட்டு வருவார்கள். கொடுத்துவிடுவார். மூன்று நான்கு மாதத்தில் சத்தம் தாங்காமல் திரும்பி வருவார்கள். அப்போதுதான் ஜாக்கிக்கு முன்னால் நிறுத்தி, "உன் வாயால சொல்லு" என்பார். சொன்னால் ரோட்டு டயர் நான்கு போட்டு அனுப்புவார். கழற்றிய டயர், புதிது வாங்க வழியில்லாத மலை டிரைவர்களுக்குச் சல்லிசான விலைக்குப் போகும். கள்ளக்குறிச்சியின் பந்தா முழுவதும் கல்வராயன் மலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டு அவரை ஒரு தருமவானாக நினைத்துவிட வேண்டாம். நானும் அரைநாள் அப்படி நினைத்தேன். டயர் கைமாறுவது அவருக்கு உபரி. அந்த ஒரு வாக்கியம்தான் வியாபாரம்.

புரட்டாசி முடிவில் ஒருநாள், பஞ்சர் பார்க்கப் போயிருந்தேன். மலையிலிருந்து ஒரு பிக்கப் வந்து நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகிற வண்டி. என் வண்டியின் கம்பெனிதான், டயர் அளவும் அதேதான். முப்பது வயதிருக்கும் டிரைவர் இறங்கிக் கும்பிட்டார். கடைக்காரர் குந்தவேயில்லை. அந்த டயரில் கல் சிக்குவதற்குக் கோடே மிச்சமில்லை.

"இது இன்னா? உன் வாயால சொல்லு."

"மொட்டைங்க மொதலாளி." டிரைவர் உடனே சொல்லிவிட்டார். கௌரவம் என்கிற சாமானை அவர் மலையிலிருந்து ஏற்றி வரவில்லை.

"மொட்டை டயர்ல சேத்துல எறங்குனா இன்னா ஆவும்?"

"வழுக்கும்ங்க."

"வழுக்கி?"

"பள்ளத்துக்கு போவும்ங்க."

பெஞ்சு சிரித்தது. டிரைவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா வாத்தியாரே? உன்னுதுதான் இவனுக்கு அளவு. நாலையும் கழட்டு. உனக்கு ரோட்டு டயர் நான் போட்டு அனுப்பறேன், மேல ஒரு பைசா வேணாம். ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டு போ."

"என்ன வார்த்தை?"

"எனக்கு இது தேவையில்ல, பந்தாவுக்கு போட்டேன்னு. பெஞ்சியில கடைசியா குந்திக்கினு இருக்கறவருக்கு கேக்கணும். அவருக்கு காது கொஞ்சம் கம்மி."

டிரைவர் என்னைப் பார்த்தார். "ஐப்பசிக்குள்ள கெடச்சா போதுங்க சார். எங்க ஊருல இருந்து தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டரு மண்ணுங்க. செம்மண்ணு. மழ புடிச்சிட்டா வண்டி நிக்காது. கெழங்க நிறுத்தவும் முடியாதுங்க, புடுங்கிட்டா அழுகிடும்."

ஒரு மனிதனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல முடியாது. நான் சொன்னேன்: "அடுத்த வாரம் நானே மலைக்கு வரேன். எனக்கு டயர் வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே புறப்பட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறும் இடம்வரை போனேன். மேலே மேகம் இறங்கியிருந்தது. எதிரே ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வளைவில் இறங்கி வந்தது. பனியில் விரல் இழந்தவர்கள் ஒருவரும் துணைக்கு வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அணையருகே வறுத்த மீன் வாங்கித் தின்றேன். அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் ஈரமாக ஓரிடம் பார்த்து, முன்னும் பின்னுமாக ஆறேழு முறை ஓட்டி, நான்கு டயர்களிலும் நன்றாகச் சேறு அப்பிக்கொண்டு வீடு திரும்பினேன். கழுவவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகிற வழியில், டீ குடிக்க என்று, பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினேன்.

ஸ்க்ரூ டிரைவர் வந்தது. உள்ளங்கையில் ஒரு கருப்புக் கட்டி. அதற்குள்ளிருந்து ஒரு நத்தை ஓடு.

"மலைல நத்தை ஏறிடுச்சா?" என்றார். கட்டியை நசுக்கினார். "மலை மண்ணு செவப்பு. இது வாய்க்கா மண்ணு. மீனு நல்லா இருந்துச்சா வாத்தியாரே?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காது மந்தமானவருக்குப் பக்கத்திலிருந்தவர் விளக்கிச் சொல்ல, அவர் தனியாக ஒருமுறை சிரித்தார்.

"சொல்லிடு. இப்ப சொன்னா முடிஞ்சிடுச்சு" என்றார் கடைக்காரர். குரலில் கேலி இல்லை. மருத்துவச்சியின் பொறுமை இருந்தது.

நான் டீயை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த நிமிடத்தில் நான்கு ரப்பர் வளையங்கள் என் மானமாகிவிட்டன.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "ஒரு வார்த்த தானே."

"அது வார்த்தை இல்லை. வாக்கியம்."

"அந்த மலைக்காரரு கிட்டயும் இப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னேன். ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள் டிரைவர் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன்.

"சார், நீங்க அங்க வந்து ஒண்ணும் சொல்ல வேணாங்க. மொதலாளி கிட்ட நான் பேசிக்கறேன். டயர மட்டும் குடுத்தீங்கன்னா..."

"பார்க்கலாம்" என்றேன். தேனை வாங்கிக்கொண்டேன்.

பார்க்கலாம் என்பது நாற்பத்தெட்டு வருடப் படிப்பில் நான் கற்ற மிகக் கொடூரமான சொல். இல்லை என்றிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார்.

அதே வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை, பிடுங்கி வைத்த கிழங்கு அழுகத் தொடங்கியதும் டிரைவர் லோடு ஏற்றியிருக்கிறார். ஊரிலிருந்து இரண்டாவது கிலோமீட்டரில், இறக்கத்தில், வண்டி பக்கவாட்டில் சறுக்கி, பள்ளத்தில் சாய்ந்தது. குதிக்கப் பார்த்திருக்கிறார். வலது கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. சேற்றில் எந்த வண்டியும் வர முடியாமல், கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்து சேர்க்கப் பாதி நாள் ஆனதாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எனக்குச் செய்தி சொன்னது டீக்கடைக்காரர். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் வேறு தெரு வழியாகப் போனேன். பட்டன் டயரின் சத்தத்தோடு ஒருவன் ஒளிந்து போவது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்தப் பயண நூலும் எழுதவில்லை.

நான்காம் நாள் போனேன். கடை வாசலில், நொறுங்கிய அந்த வண்டியின் சக்கரம் ஒன்று கிடந்தது, மொட்டை டயரோடு. பழைய இரும்புக்கு வந்ததா, எனக்காக வைத்ததா, தெரியாது. கடைக்காரர் என் வண்டியின் பக்கத்தில் குந்தினார். கட்டைவிரலை ரப்பர் கட்டைகளுக்கு நடுவே விட்டு ஆழம் பார்த்தார்.

"தேயவே இல்ல" என்றார். "பத்தரமா வச்சிருக்க வாத்தியாரே."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று, வெட்கமோ ஆத்திரமோ, வாயைத் திறந்துகொண்டது.

"அண்ணே, அன்னிக்கு உங்க கடை பின்னாடி ஓட்டுன பட்டன் டயர் ஒரு செட் இருந்துச்சு. நான் பார்த்தேன். பல் டாக்டர் கழட்டுனது, இதே அளவு. அதை அந்த ஆளுக்குக் குடுத்திருக்கலாம். நான் வந்து சொல்லணும்னுதான் அவனைக் காக்க வெச்சீங்க. இதை உங்க வாயால சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்த முதல் தடவை அது. பிறகு எழுந்து போய்க் கம்ப்ரசர் சுவிட்சைத் தட்டினார். அது உறுமத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் நின்றபடி அவர் வாய் அசைந்தது. நாலைந்து சொல் இருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றாரோ என்னவோ.

இதன் பிறகு அவர் திருந்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நல்லெண்ணம் ஒன்றுமில்லை, அவர் திருந்தினால் நானும் பாதி விடுதலை என்கிற கணக்கு. அடுத்த வாரமே ஒரு பள்ளித் தாளாளரைப் பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி அரை மணி நேரம் வேகவைத்தார் என்று கேள்விப்பட்டேன். வெள்ளைச் சட்டையில் கறை ஏதும் இல்லையாம்.

நான் சின்னசேலத்தில் ஒரு கடையில் நான்கையும் கழற்றினேன். அந்தக் கடைக்காரன் ஒன்றுமே கேட்கவில்லை. எவ்வளவு எளிது என்பதை அங்கே நின்று பார்த்தேன். டயர்களைக் கொண்டுவந்து மாடிப்படிக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடத்தில் அடுக்கினேன். மனைவி அதன்மேல் பலகை போட்டு வடகம் காயவைத்தாள். டிரைவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கொடுத்திருக்கலாம். கால் போனவனிடம் டயரோடு போய் நிற்பதா என்று தோன்றியது. வீடு திரும்பிய பிறகு கொடுத்திருக்கலாம். இவ்வளவு தாமதமாகவா என்று தோன்றியது. படித்தவனுக்குத் தோன்றுவதற்கா பஞ்சம்.

மூன்று வருடம் கழித்துக் கடைக்காரருக்குச் சர்க்கரை முற்றி, கால் கட்டைவிரல் கறுத்தது. டாக்டர், பார்க்கலாம், மருந்து போட்டுப் பார்க்கலாம் என்று இழுத்திருக்கிறார். "பாக்கலாம் இன்னா பாக்கலாம்? வெட்டணும்னு உன் வாயால சொல்லு" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். டாக்டர் சொன்னார். வெட்டினார்கள். அப்புறம் பாதம். அப்புறம் அவரே.

சாவுக்குப் போனேன். பெஞ்சு முழுவதும் வந்திருந்தது. தங்கமான மனுஷன் என்றார் ஒருவர். ஒரு சொல்லு தப்பா பேச மாட்டாரு என்றார் இன்னொருவர். ரிஷிவந்தியத்துக்காரன்கூட மாலையோடு வந்து, அண்ணன் மாதிரி இருந்தார் என்றான். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பந்தலில் நிறையக் கல் எடுத்திருக்கலாம். சேலத்திலிருந்து மகள் வந்திருந்தாள். அழவில்லை. அழச்சொல்லி யாரும் வற்புறுத்தவுமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வடகத்தை இறக்கிவைத்துவிட்டு நான்கு டயர்களையும் வண்டியின் பின்னால் ஏற்றினேன். இந்த முறை வளைவில் லாரி வந்தது, ஒதுங்கினேன், ஏறினேன். டிரைவரின் ஊருக்குத் திரும்பும் இடத்தில், அந்த நான்கு கிலோமீட்டர் செம்மண்ணை மனதில் தயார்செய்துகொண்டு கியரை மாற்றினால், எதிரே கறுப்பாக, வழுவழுவென்று, தார். போன வருடம் போட்டார்களாம். மலைச் சேறு எப்படியிருக்கும் என்பதை என் வண்டி கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

டிரைவர் வீட்டு முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். என்னை அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவர் மனைவி, பீடி வாங்க வந்த இரண்டு பேர், நான். பெஞ்சில் இருந்த அளவுக்குக் கூட்டம் இல்லை. ஆனாலும் நான்கு வருடமாக உள்ளே அடைந்து கிடந்ததைச் சத்தமாகவே சொன்னேன்.

"எனக்கு இந்த டயர் தேவையே இல்லப்பா. பந்தாவுக்குத்தான் போட்டேன். அன்னிக்கே குடுத்திருக்கணும். குடுக்கல. தப்பு என் மேலதான்."

தெருவில் மைக் கட்டிப் போகிற வண்டியின் அறிவிப்பைக் கேட்பது போல டிரைவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பீடிக்காரர்கள் தீப்பெட்டிக்காகக் காத்திருந்தார்கள்.

"வண்டிய வித்துட்டேனுங்க சார்" என்றார். "டீ சாப்புடுங்க."

அவர் மனைவி வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு டயரைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி வீட்டுக் கூரையைப் பார்த்தாள். தகரம், ஓரத்தில் இரண்டு இடத்தில் கல் ஏற்றி வைத்திருந்தது.

"நல்ல கனமா இருக்குதுங்க. மேல போட்டா காத்துக்கு தகரம் பறக்காது" என்றாள். விரலால் மூலை மூலையாக எண்ணினாள். "நாலு மூலைக்கு ஆச்சு. ஆனா நடுவுல தூக்கும். ஸ்டெப்னி இருந்தா அடுத்த வாட்டி எடுத்துட்டு வாங்க சார்."